பெட்டிக்குள் புகுந்த சூது

சூதாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் தோன்றும் காட்சிகள் சில உண்டு. சீட்டுக்கட்டு, கிண்டிக் குதிரைப் பந்தயம், ஒரு காலத்தில் பேருந்து நிலையங்கள்தோறும் சரம் சரமாகத் தொங்கிய லாட்டரிச் சீட்டு. இவற்றுள் ஒன்றும் நம் வீட்டு வாசலை மிதிக்கலாகாது என்பதில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உறுதியோடு இருந்து வந்துள்ளன. சீட்டாடும் இடத்தில் மகன் நின்று வேடிக்கை பார்த்தான் என்று காதில் விழுந்தாலே போதும், அத்தா அன்றிரவு சோற்றில் கை வைக்கமாட்டார். அத்தகைய வீடுகளிலேதான் இன்று, பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் கூடத்தில் அமர்ந்து, தாயாரின் கண்ணெதிரே, தாயாரின் கைபேசியிலேயே சூதாடிக் கொண்டிருக்கிறான். தாயார் அதனை விளையாட்டு என்று எண்ணுகிறார். சட்டமும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணுகிறது. நாம் அதனை மறுக்கிறோம்.

நாம் குறிப்பது வீடியோ விளையாட்டுகளுக்குள் விற்கப்படும் மூடிய பெட்டிகளை. ‘லூட் பாக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயர். லூட் என்பது இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குக் குடியேறிய சொல். கொள்ளை என்பது பொருள். பெயரிட்டவர்கள் தம்மையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்! ஆட்டம் இலவசம். ஆனால் ஆட்டத்தில் தோன்றும் வீரன் அணியும் பகட்டான உடையும், அவன் ஏந்தும் துப்பாக்கியின் மேல்பூச்சும் இலவசமல்ல. அவற்றுக்கு விலை குறித்து நேரே விற்றாலும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். விரும்பிய பொருளை விற்காமல், அப்பொருள் இருந்தாலும் இருக்கக்கூடிய பெட்டியை விற்கிறார்கள். அல்லது ஒரு சக்கரத்தைச் சுழற்றும் வாய்ப்பை விற்கிறார்கள். ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில் ‘லக் ராயல்’ என்றே ஒரு பகுதி உண்டு. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயில் ‘கிரேட்’ என்னும் பெட்டிகள். கால்பந்து ஆட்டத்தில் வீரர்களின் படச்சீட்டு அடங்கிய பொட்டலங்கள். பெயர்கள்தாம் வேறு. பணம் முன்னே போய்விடுகிறது. கிடைப்பது யாது என்பதைக் கணிப்பொறிக்குள் எழுதி வைத்த ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கோ விற்பவன் கையில் இருக்கிறது.

நம்மிடம் ஓதும் ஒரு சிறுவன் இதில் சிக்கினான். தந்தை வளைகுடாவில், வீட்டுச் செலவுப் பணம் தாயாரின் கைபேசியில். 80 ரூபாய், 160 ரூபாய் எனச் சிறு சிறு தொகையாகப் பல வாரங்கள் போயிருக்கின்றன. மளிகைக் கடைப் பாக்கி ஏறிய பிறகே தாயாருக்குத் தெரிந்தது. “இவ்வளவு காசை ஏனப்பா விட்டாய்?” என்று கேட்டோம். “காசு எங்க ஹஜ்ரத் போச்சு? டைமண்ட்தானே போச்சு!” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படி எண்ணும்படியாகத்தான் அந்தக் கடை கட்டப்பட்டிருக்கிறது. ரூபாயைக் கொண்டு பெட்டியை வாங்க இயலாது. ரூபாயைக் கொடுத்து முதலில் ‘டைமண்ட்’ வாங்க வேண்டும். டைமண்டைக் கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டும். நூறாகவும் முந்நூறாகவும் டைமண்டை விற்பார்கள். பெட்டியின் விலையோ அந்த எண்ணிக்கையோடு ஒருபோதும் ஒத்துவராது. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியது வீணாகிறதே என்று மேலும் வாங்குவான் பிள்ளை. சில சக்கரங்களில் முதற்சுற்று மிக மலிவு. அடுத்தடுத்த சுற்றுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். அரிய உடைக்கு மிக அருகில் முள் வந்து நின்று அடுத்த கட்டத்துக்கு நழுவும் அழகையும் காண வேண்டும்! நூலிழையில் தவறியது என்று பிள்ளை நினைக்கிறான். நூலும் இல்லை, இழையும் இல்லை; அவன் திரையைத் தொட்ட கணத்திலேயே விடை எழுதியாகிவிட்டது. மீதமெல்லாம் வாணவேடிக்கை.

‘இது பழைய பெட்டிக்கடைப் பரிசு அட்டைதானே, நாமும் சிறுவயதில் கிழிக்கவில்லையா?’ என்று சிலர் சிரிக்கிறார்கள். அட்டையில் வரிசையாகச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பலூனோ பொம்மையோ கிடைக்கும். அதையும் நம் பெரியவர்கள் நல்லதென்று சொன்னதில்லை. ஆயினும் அந்த அட்டையில் எத்தனை சீட்டு உண்டென்பதைப் பிள்ளை கண்ணால் கண்டான். சீட்டுத் தீர்ந்தால் அட்டையும் தீர்ந்தது. கடைக்காரர் பெரிய பரிசுச் சீட்டை ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெருப் பிள்ளைகள் சண்டைக்கும் போவார்கள். சண்டை போட ஓர் ஆள் எதிரில் இருந்தார். இந்தப் பெட்டி தீர்வதில்லை. இதற்குக் கடைக்காரரும் எதிரில் இல்லை. நள்ளிரவில் போர்வைக்குள்ளும் இது திறந்திருக்கிறது.

இனி, இதனைச் சூதன்று என்போர் கூறும் தலையாய வாதத்துக்கு வருவோம். ‘பெட்டியில் கிடைப்பது வெறும் உடை, அதனை விற்றுப் பணமாக்க முடியாது, பணம் வெல்லாத இடத்தில் சூது ஏது?’ என்பது அவர்கள் கேள்வி. 2022 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு இதற்கெனச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தப்போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டபோதும், உலகெங்கும் நிறுவனங்கள் வழக்காடும்போதும், இதுவே கேடயம்.

இந்தக் கேடயத்தின் வலிமை என்ன என்று மதரஸாவில் தஃப்ஸீர் ஓதிய எவரிடமும் கேட்கலாம். திருமறை விலக்கிய ‘மைஸிர்’ என்பது யாது? அறியாமைக் கால அரபிகள் குளிர்காலத்தில், பஞ்சம் வாட்டும் நாள்களில், ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். பத்து அம்புகள். ‘ஃபத்து’ என்னும் அம்புக்கு ஒரு பங்கு. ‘தவ்அம்’ என்பதற்கு இரண்டு. இவ்வாறு ஏறி ‘முஅல்லா’ என்பதற்கு ஏழு. எஞ்சிய மூன்றும் வெற்று அம்புகள். அவை எவன் பெயருக்கு வந்தனவோ அவன் ஒன்றும் பெறாமல் ஒட்டகத்தின் விலையைச் சுமக்க வேண்டும். இனி வரும் செய்தியைக் கவனியுங்கள். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதனை ஸமக்ஷரீ தம் ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் எடுத்துரைக்கிறார். வென்றவன் கையில் ஒரு காசு ஏறவில்லை, ஒரு துண்டு இறைச்சியும் தங்கவில்லை. அவன் வென்றது பெருமை ஒன்றையே. ஆட்டத்தில் சேராதவனை அவர்கள் ‘பரம்’ என்று இழித்தார்கள். கஞ்சன், கூட்டத்தில் சேரத் தகாதவன் என்பது கருத்து.

பணமாக மாறாத வெற்றி, ஊர் பார்க்கப் பெருமை, சேராதவனுக்கு ஏளனம். இன்று நம் தெருவில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பகட்டு உடை இல்லாமல் ஆட வரும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ‘நூப்’ என்று கேலி செய்கிறார்கள். அரபிகள் சொன்ன ‘பரம்’ இதுவே. ஏழைக்கு இறைச்சி போய்ச் சேர்ந்த அந்த மைஸிரையே இறைவன் விலக்கினான். அதில் பயனும் உண்டு, ஆனால் பாவம் பயனைவிடப் பெரிது என்று அறிவித்தே விலக்கினான். இங்கே எந்த ஏழைக்கு எந்த இறைச்சி போகிறது?

இன்னுமொன்று. சிறுவர்கள் அக்ரோட்டுக் கொட்டைகளை வைத்து ஆடும் பந்தயமும் மைஸிரைச் சேர்ந்ததே என்று முஜாஹித், அதாஃ முதலிய தாபியீன்கள் கருதியதாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. கொட்டைக்கு என்ன விலை பெறும்? விலையை அவர்கள் பார்க்கவில்லை. பிள்ளையின் கை எதற்குப் பழகுகிறது என்பதைப் பார்த்தார்கள்.

சூது என்ற பேச்சையே விட்டு, வணிகம் என்று வைத்துக்கொண்டாலும் இது தேறாது. ‘கல்லெறி வியாபாரம்’ என்று ஒன்றை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விரித்து வைத்த துணிகளின்மீது ஒரு கல்லை எறிவது. எந்தத் துணியில் விழுகிறதோ அது இன்ன விலைக்கு உனக்கு. இமாம் நவவீ தரும் விளக்கங்களுள் இது ஒன்று. கல்லுக்குப் பதில் சக்கரம். துணிக்குப் பதில் திரையில் தெரியும் துணி. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கடையை விரித்துவிட்டுப் புதுமை என்கிறார்கள்!

நம்மவர்களிலேயே வரலாறு அறிந்த ஒருவர் எழுந்து, ‘மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்களே, நம் முன்னோரும் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அல்லரோ?’ என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். அதன் மார்க்கச் சட்டத்தைத் தனியே ஆராய வேண்டும்; இங்கு ஒன்றைமட்டும் சொல்வோம். சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்பது முழுகியவனுக்கும் தெரியாது, ஏலம் விட்டவனுக்கும் தெரியாது, எடுத்தவனுக்கும் தெரியாது. பெட்டி அப்படியா? உள்ளே வைத்தவனே விற்கிறான். நூற்றில் எத்தனைக்கு முத்து, எத்தனைக்கு வெறும் ஓடு என்பதை அவனே வகுத்திருக்கிறான். வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனமும் அதே ஆண்டின் இறுதியில் தன் கடையில் அதனைக் கட்டாயமாக்கியது. வெளியிட்டு என்ன பயன்? நூற்றுக்கு அரை பங்கு வாய்ப்பு என்றால் என்ன என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் 2019 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, இவை ஆச்சரியம் தரும் பொருள்கள், கிண்டர் முட்டையைப் போன்றவை என்று வாதாடினார். முட்டையில் உள்ள இனிப்பைப் பிள்ளை தின்றுவிடுகிறது, பொம்மை உபரி. எந்தப் பிள்ளை எப்போது தயங்குகிறது, எந்த நேரத்தில் வாங்குகிறது என்று முட்டை குறிப்பெடுப்பதில்லை.

இப்போது நம் சட்டங்களைப் பார்ப்போம். தமிழகம் இந்தத் துறையில் தூங்கியது என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. 1968இல் அரசே தொடங்கிய லாட்டரி பல குடும்பங்களை விழுங்கிய பின், 2003இல் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றினர். அது திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கைபேசி ரம்மியால் கடனாளிகள் ஆனவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து விடுவித்தது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடின. 18 வயது நிரம்பாதோருக்கு முற்றிலும் மூடின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இன்னும் மேலே சென்று, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இத்தனை ஆண்டுகள் நடந்த வழக்கெல்லாம் எதைப் பற்றியது? திறமையா, அதிர்ஷ்டமா என்பதைப் பற்றியது. ரம்மிக்காரனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு திறமையாவது இருந்தது. குதிரைக்காரனுக்குக் குதிரையின் குலம் தெரிந்திருந்தது. பெட்டியைத் திறப்பதில் என்ன திறமை? விரலால் திரையைத் தொடுவதா? கலப்பில்லாத அதிர்ஷ்ட ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் இதுவே சட்டங்களின் இடுக்கில் நழுவிக்கொண்டிருக்கிறது. காரணம், எல்லாச் சட்டங்களும் வெளியே வரும் பணத்தைப் பார்க்கின்றன. உள்ளே போகும் பணத்தைப் பார்ப்பதில்லை. 2025ஆம் ஆண்டுச் சட்டம், பணமோ பிற ஆதாயமோ கிட்டும் என்ற எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடுவதைக் குறிக்கிறது. அந்தப் ‘பிற ஆதாயம்’ என்பதற்குள் திரை உடை அடங்குமா, அடங்காதா? சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் எவன் வழக்கறிஞர் வைப்பான் என்பது நமக்குத் தெரியாததா?

2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது நம் வீடுகளில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அந்தத் தடைகள் நாட்டின் பாதுகாப்பையும் தகவல் களவையும் காரணங்காட்டி வந்தவை. பெட்டியைப் பற்றி அவற்றில் கவலையே இல்லை. ஆகவே பிஜிஎம்ஐ என்றும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்றும் வேறு வடிவங்கள் கைக்கு வந்தபோது பெட்டியும் கூடவே வந்தது.

வேறு நாடுகள் இதனைத் தொடவே இல்லையா என்றால், தொட்டிருக்கின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதே என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் அந்நாட்டில் விற்பனையை நிறுத்தின. பிரேசில் 2025இல் இயற்றிய சட்டத்தில் சிறுவர்களுக்கான ஆட்டங்களில் இவற்றைத் தடுத்தது. நெதர்லாந்தில் மட்டும் கதை திரும்பியது: ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நீக்கியது, பெட்டி தனி ஆட்டமன்று, பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்றது. பள்ளிக்கூடத்தின் நடுவே ஒரு சூதுக்கூடம் நடத்தினால் அதுவும் பாடத்தின் பகுதி ஆகிவிடுமோ? டேவிட் ஸெண்டில், பால் கேர்ன்ஸ் என்னும் இருவர் 2018இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, பெட்டிக்கு மிகுதியாகச் செலவிடுவோரிடம் சூதாட்டப் பிணியும் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். எது எதற்குக் காரணம் என்று அவர்கள் அறுதியிடவில்லை. பெட்டி பிணியை உண்டாக்கினாலும் சரி, பிணியுள்ளவனைத் தேடிப்பிடித்துச் சுரண்டினாலும் சரி, விற்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

நம் நாட்டில் ஒரு பழைய தீர்ப்பு உண்டு, நினைவூட்டுவது நலம். வயது நிரம்பாதவன் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் கூறியது. நம் ஃபிக்ஹும் அவ்வாறே. ஷாஃபிஈ மத்ஹபில் பருவமெய்தாத பிள்ளையின் வியாபாரம் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் விவரமறிந்த பிள்ளைக்கும் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். இந்தப் புறநகரில் இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். இதில் இருவருக்கும் தகராறு இல்லை. அப்படியாயின் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெட்டி விற்றவன் எந்த உரிமையில் அந்தப் பணத்தை வைத்துக்கொள்கிறான்?

நம்மவர்களுக்கும் சில சொற்கள் உள. ஆட்டமே ஹராம் என்று மிம்பரில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் ஆலிம்களுக்கு நாம் உடன்படவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பந்தாடும் பிள்ளையையும், பெட்டி வாங்கும் பிள்ளையையும் ஒரே கோலால் அடித்தால் இருவரும் நம் பேச்சைக் கேட்கமாட்டார்கள். அப்படியே, நம் பெண்கள் தெருவில் நடத்தும் குலுக்கல் சீட்டையும் இதையும் ஒன்றென்று குழப்பவேண்டாம்; அங்கே குலுக்கல் முறையை மட்டும் தீர்மானிக்கிறது, போட்ட பணம் முழுவதும் ஒவ்வொருவருக்கும் திரும்புகிறது. தாயார்மாருக்கு: யுபிஐ இரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்த வீட்டில் பணப்பெட்டிக்குப் பூட்டு இல்லை. ரீசார்ஜ் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு: பெருநாள் அன்று புத்தாடை கசங்காமல் உங்கள் கடைக்கு ஓடிவந்து, பாட்டனார் கொடுத்த பெருநாள் காசுக்கு ‘ரிடீம் கோடு’ கேட்கும் பிள்ளையை உங்களுக்குத் தெரியும், அவன் தந்தையையும் தெரியும். லாட்டரிச் சீட்டு விற்க மறுத்த கை இதை விற்பது எப்படி?

தென்புறநகர்ப் பள்ளிவாசல்களின் ஜமாஅத்தார், கட்சி வேறுபாடு பாராமல், நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு மனு எழுத வேண்டும். நீண்ட மனு தேவையில்லை. கேட்க வேண்டியவை மூன்று. காசு வாங்கிக்கொண்டு, கிடைப்பது இன்னதென்று சொல்லாமல் விற்கும் எதுவும், கிடைத்த பொருள் பணமாக மாறினாலும் மாறாவிட்டாலும், சூதின் இலக்கணத்துக்குள் வரும் என்று 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளிலும் தமிழகச் சட்டத்திலும் வெளிப்படையாக எழுதுக. 18 வயது நிரம்பாதோருக்கு அதனை விற்பது குற்றம் என்க. பிள்ளையிடம் வாங்கிய பணத்தைப் பெற்றோர் கேட்டால் முழுவதும் திருப்பித் தர வேண்டும் என்க. கையெழுத்துகளை வரும் ஜும்ஆவிலிருந்தே வாங்கத் தொடங்கலாம்.